மார்க்கிங் மேசையிலிருந்து டிரில் முனை வரை: உலோகத்தில் துல்லியமாகக் கோடு கிழிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

ராணிப்பேட்டை சிப்காட்டிலும், ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளை ஒட்டிய பட்டறைகளிலும், வேலூர், காட்பாடிப் பகுதி லேத் பட்டறைகளிலும் வரும் வேலைகளில் பெரும்பகுதி ஒன்றிரண்டு உருப்படிகளாகவே வருகிறது. தோல் பதனிடும் டிரம்முக்கு ஒரு பேரிங் மூடி, பம்புக்கு ஒரு ஃபிளாஞ்ச் (குழாயை இணைக்கும் விளிம்புத் தட்டு), ராணிப்பேட்டை பெல் நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவி வேலைகளைச் சார்ந்த ஏதாவது ஒரு டேம்பர் சட்டம் என்று வரும் இத்தகைய வேலைகளுக்கு, டிரில் முனைக்கு இடம் காட்டும் ஜிக் செய்வது கட்டுபடியாகாது. கணினியால் இயங்கும் (சி.என்.சி.) எந்திரத்துக்காகக் காத்திருக்க நேரமும் இருக்காது. எனவே துளை எங்கே விழும் என்பதைத் தீர்மானிப்பது ஃபிட்டரின் கையிலுள்ள, கோடு கிழிக்கும் ஸ்கிரைபரும் குழியிடும் பஞ்சும்தான்.

மார்க்கிங்கின் துல்லியம் விலையுயர்ந்த கருவியிலிருந்து வருவதாகப் பலர் எண்ணுகிறார்கள். கருவி முக்கியம்தான். ஆனால் எல்லா அளவுகளையும் ஒரே ஆதார விளிம்பிலிருந்து எடுக்கும் ஒழுங்கு இல்லாத இடத்தில், உயரத்தை 0.02 மி.மீ. வரை வாசிக்கும் ஹைட் கேஜும் அரை மில்லிமீட்டர் பிழையைத் தரும். அந்த ஒழுங்கை ஓர் உருப்படியின் வழியாகத் தொடக்கம் முதல் கடைசி வரை காட்டுவதே இந்த வழிகாட்டியின் நோக்கம். உருப்படி இதுதான்: 200 மி.மீ. சதுரமும் 12 மி.மீ. தடிமனும் உள்ள எம்.எஸ். (மென் எஃகு) தகடு, நடுவில் 60 மி.மீ. துளை; அதைச் சுற்றி 150 மி.மீ. விட்டமுள்ள பிட்ச் வட்டத்தில் (துளை மையங்கள் அமையும் வட்டம்) எட்டு போல்ட் துளைகள்.

வரைபடத்தை வாசித்தல்

தகட்டைத் தொடுவதற்கு முன் வரைபடத்தில் மூன்று செய்திகளைத் தேட வேண்டும். முதலாவது, அளவுகள் எந்த விளிம்பிலிருந்து கொடுக்கப்பட்டுள்ளன என்பது. இரண்டாவது, எந்த அளவுக்கு எவ்வளவு டாலரன்ஸ் (அனுமதிக்கப்படும் பிழை) என்பது. மூன்றாவது, போல்ட் துளைகள் மையக்கோட்டின் மேல் விழுகின்றனவா அல்லது அதன் இருபுறமும் சமமாக ஒதுங்கி நிற்கின்றனவா என்பது. குழாய் ஃபிளாஞ்சுகளில் துளைகள் மையக்கோட்டின் இருபுறமும் ஒதுங்கியிருப்பதே வழக்கம். எந்திர மூடிகளில் பெரும்பாலும் மையக்கோட்டின் மேலேயே முதல் துளை வரும். இதைக் கவனிக்காமல் போட்ட எட்டுத் துளைகளும் அளவில் சரியாக இருந்தும், குழாயை 22.5 டிகிரி திருப்பிப் பிடித்தால்தான் பொருந்தும். நம் உருப்படியில் முதல் துளை மையக்கோட்டின் மேல் விழுவதாகக் கொள்வோம்.

டாலரன்ஸைப் பற்றி ஓர் எல்லையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நன்றாகக் கிழித்த கோட்டின் அகலமே ஏறத்தாழ 0.1 மி.மீ. இருக்கும். கோடு, பஞ்ச், டிரில் மூன்றும் சேர்ந்து ஒரு துளையின் இடத்தைச் சுமார் 0.2 மி.மீ.க்குள் கொண்டுவருவது நல்ல கைவேலை. அதைவிட இறுக்கமான அளவு கேட்கும் வரைபடத்தை, டிஜிட்டல் ரீட் அவுட் உள்ள மில்லிங் எந்திரத்துக்கு அனுப்பிவிடுவதே நேர்மை.

சர்ஃபேஸ் பிளேட்டும் அதன் மேல் நிற்பவையும்

மார்க்கிங்கில் எல்லா உயரங்களும் சர்ஃபேஸ் பிளேட் என்னும் சமதளத் தட்டின் மேற்பரப்பிலிருந்தே அளக்கப்படுகின்றன. இது வார்ப்பிரும்பிலும் கிடைக்கும், கருங்கல்லிலும் கிடைக்கும். வார்ப்பிரும்புத் தட்டில் ஏதாவது விழுந்து அடிபட்டால் பள்ளத்தைச் சுற்றி உலோகம் மேடாக எழும்பி, அதன் மேல் வைக்கும் ஹைட் கேஜைத் தூக்கிவிடும். கல்லில் அடிபட்ட இடம் பொடியாக உதிர்ந்து பள்ளமாக மட்டும் நிற்பதால் அளவு கெடுவதில்லை; துருவும் பிடிக்காது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வார்ப்பிரும்புத் தட்டைத் தினமும் எண்ணெய் துடைத்துப் பாதுகாக்க வேண்டியிருப்பதை நினைத்தால், புதிதாக வாங்குபவர்களுக்குக் கல்லையே நான் பரிந்துரைப்பேன். ஆயினும் நல்ல பழைய வார்ப்பிரும்புத் தட்டை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் பரவலாக்கிய முறையில், மூன்று தட்டுகளை ஒன்றோடொன்று மாற்றி மாற்றி ஒப்பிட்டுச் சுரண்டியே உண்மையான சமதளம் உருவாக்கப்பட்டது. இரண்டே தட்டுகளானால் ஒன்று குழிந்தும் மற்றொன்று மேடிட்டும் இருந்துகொண்டே பொருந்திவிடும். மூன்றாவது தட்டு வந்தால் அந்த ஏமாற்று எடுபடாது.

தட்டின் மேல் சுத்தியல் அடி விழக் கூடாது. பஞ்ச் போடும் நேரம் வந்தால் உருப்படியைத் தூக்கிப் பெஞ்சுக்குக் கொண்டுபோக வேண்டும். அவசர வேலைகளில் எல்லோரும் மீறும் விதி இதுதான்.

தட்டின் மேல் நிற்கும் துணைக்கருவிகளில் ஆங்கிள் பிளேட் தகட்டைச் செங்குத்தாக நிறுத்துகிறது. வி பிளாக் உருளையான ஷாஃப்டைத் தாங்குகிறது. ஸ்குரூ ஜாக் கரடுமுரடான வார்ப்பைத் தாங்குகிறது. சர்ஃபேஸ் கேஜில் அளவு கிடையாது. ஸ்டீல் ரூலிலிருந்து உயரத்தை எடுத்துத்தான் அதன் ஊசியை அமைக்க வேண்டும். வெர்னியர் ஹைட் கேஜ் உயரத்தைத் தானே அளந்து கோடும் கிழிக்கிறது. வார்ப்பைச் சமன்படுத்தும் வேலைக்குச் சர்ஃபேஸ் கேஜின் வளைந்த ஊசி மிகவும் வசதியானது என்பதால், ஹைட் கேஜ் வாங்கியதும் அதைப் பரணில் போட்டுவிட வேண்டாம்.

மட்டத்தைச் சோதித்தல்

ஹைட் கேஜுக்கு முன் வாங்க வேண்டியது நல்ல டிரை ஸ்கொயர், அதாவது மூலைமட்டம். கையிலுள்ள மட்டம் உண்மையிலேயே 90 டிகிரிதானா என்பதை வேறு கருவி இல்லாமலே சோதிக்கலாம். நேரான விளிம்புள்ள, சாயம் பூசிய தகட்டின் மேல் மட்டத்தின் கட்டையை விளிம்போடு அழுத்தி ஒரு கோடு கிழிக்க வேண்டும். பிறகு மட்டத்தை மறுபுறமாகத் திருப்பி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு கிழிக்க வேண்டும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரி. மேலே போகப்போக விலகினால், தெரியும் விலகலில் பாதிதான் மட்டத்தின் பிழை. 150 மி.மீ. உயரத்தில் 0.2 மி.மீ. விலகல் தெரிந்தால், அந்த உயரத்துக்கு மட்டத்தின் பிழை 0.1 மி.மீ. என்று பொருள்.

ஆதார விளிம்புகளைத் தயாரித்தல்

கேஸ் கட்டிங் செய்த தகட்டின் விளிம்பு ஆதாரமாகாது. அதன் மேலுள்ள கசடும் அலைவும் நீங்கும் வரை, அடுத்தடுத்த இரண்டு விளிம்புகளை மட்டும் அரத்தாலோ ஷேப்பிங் எந்திரத்தாலோ நேராக்கி, ஒன்றுக்கொன்று செங்கோணமாக்க வேண்டும். மற்ற இரண்டு விளிம்புகள் இப்போது எப்படி இருந்தாலும் கவலையில்லை. விளிம்பின் மேல் மட்டத்தின் பிளேடை வைத்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால், எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே பள்ளம் இருக்கிறது. பிசிறை முழுமையாக நீக்கிய பிறகு, இந்த இரண்டு விளிம்புகளிலும் சாக்பீஸால் அடையாளம் இட்டுவிட வேண்டும்.

இவ்விரண்டும் செங்கோணமாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? 200 மி.மீ. நீளத்தில் 0.2 மி.மீ. சாய்ந்திருந்தாலே, கிழிக்கப்படும் கோடுகள் சதுரங்களாக அமையாமல் சாய்சதுரங்களாகும். அப்போது மையக்கோடுகளின் மேலுள்ள எதிரெதிர்த் துளைகளின் தூரம் 150 மி.மீ. என்றே காட்டும். ஆனால் மூலைவாக்கிலுள்ள இரண்டு சோடிகளுக்கும் இடையே ஏறத்தாழ 0.15 மி.மீ. வேறுபாடு வந்துவிடும்.

சாயம் பூசுதல்

அரத்தாலோ எந்திரத்தாலோ சுத்தமாக்கிய எஃகுப் பரப்புக்கு மயில்துத்தக் (தாமிர சல்ஃபேட்) கரைசல் பழைய, நம்பகமான முறை. எண்ணெய்ப் பசை இல்லாத எஃகின் மேல் அதைத் தடவினால், இரும்பு தாமிரத்தை இடம்பெயர்த்து, மெல்லிய செந்நிறப் படலம் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் கிழிக்கும் கோடு பளிச்சென்று தெரிவதோடு, கை பட்டாலும் எளிதில் அழியாது. ஆனால் இது நச்சுப்பொருள், கையுறை தேவை. சர்ஃபேஸ் பிளேட்டின் மேலோ அளவுக் கருவிகளின் மேலோ பட்டால் அவற்றிலும் தாமிரம் படியும். எனவே பூசுவதும் உலர்த்துவதும் வேறு மேசையில் நடக்க வேண்டும். அலுமினியத்துக்கு இது ஆகாது.

அன்றாட வேலைக்கு மார்க்கிங் புளூ போதும். ஸ்பிரிட்டில் கரைத்த சாயமாதலால் விரைவில் உலரும். வெல்டிங் பொறி விழும் இடத்துக்கு அருகில் பூசக் கூடாது. ஒரே இழுப்பில் மெல்லியதாகப் பூச வேண்டும், ஏனெனில் தடிமனாகப் பூசினால் கோட்டின் ஓரத்தில் சாயம் செதிலாக உரிந்து கோடு பிசிறடிக்கும். வார்ப்புகளுக்கும் கறுப்புத் தகடுகளுக்கும் சுண்ணாம்புப் பூச்சே பொருத்தமானது.

வெயிலைக் கணக்கில் கொள்ளுதல்

வேலூர்ப் பகுதியில் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். நீள அளவுகளுக்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட ஆதார வெப்பநிலையோ 20 டிகிரி செல்சியஸ். எஃகுத் தகடும் எஃகு ஹைட் கேஜும் ஒரே வெப்பத்தில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே விரிவதால் கவலை இல்லை. சிக்கல் வருவது, முற்றத்தில் வெயிலில் கிடந்த தகட்டை நேரே எடுத்துவந்து மேசையில் நிறுத்தும்போதுதான். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.0115 மி.மீ. விரியும். கருவியைவிடத் தகடு 20 டிகிரி சூடாக இருந்தால், ஒரு மீட்டர் நீளத்தில் 0.23 மி.மீ. பிழை நுழைந்துவிடும். நம் 200 மி.மீ. தகட்டில் அது 0.05 மி.மீ.க்கும் குறைவு, ஆனால் நீளமான டேம்பர் சட்டத்தில் அதைப் புறக்கணிக்க முடியாது. அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். கையால் தொட்டால் மேசையும் தகடும் ஒரே குளிர்ச்சியாகத் தோன்றும் வரை நிழலில் வைத்திருந்து, பிறகே கோடு கிழிக்கத் தொடங்க வேண்டும்.

கோடு கிழித்தல்

ஹைட் கேஜின் ஸ்கிரைபரை, முடிந்த அளவு குறைவாக நீட்டிப் பொருத்தி, அதன் அடிப்பக்கத்தைச் சர்ஃபேஸ் பிளேட்டின் மேல் இறக்கிப் பூச்சியம் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்கிரைபரைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் இது அவசியம்.

முதல் ஆதார விளிம்பு கீழே வருமாறு தகட்டை ஆங்கிள் பிளேட்டோடு சேர்த்து நிறுத்தி, சி கிளாம்பால் பிடிக்க வேண்டும். கிளாம்பை இறுக்கும்போது தகடு ஒரு முனையில் சற்றே மேலெழும்புவது உண்டு. ஆகவே இறுக்கிய பின் இரு முனைகளிலும் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்க்க வேண்டும். அது நுழையக் கூடாது.

இனிக் கணக்கு. மையம் 100 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, பிட்ச் வட்டத்தின் ஆரம் 75. மையக்கோட்டின் மேலுள்ள துளைகள் 100 கூட்டல் 75, 100 கழித்தல் 75, அதாவது 175, 25 என்னும் உயரங்களில் விழும். மூலைவாக்கிலுள்ள துளைகளுக்கு 75ஐ 0.7071 ஆல் பெருக்கினால் 53.03 கிடைக்கும், எனவே அவை 153.03, 46.97 உயரங்களில் விழும். ஹைட் கேஜ் 0.02 மி.மீ. படிகளில்தான் வாசிக்கும் என்பதால் 153.02, 46.98 என்று வைத்துக்கொள்வோம். வெர்னியர் என்னும் துணை அளவுகோலில் 49 மி.மீ. நீளம் 50 பாகங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே 153.02க்கு வெர்னியரின் பூச்சியம் 153ஐச் சற்றே தாண்ட, முதல் கோடு பொருந்த வேண்டும்; 46.98க்குப் பூச்சியம் 46ஐத் தாண்டி 47ஐ நெருங்கி நிற்க, 49ஆவது கோடு பொருந்த வேண்டும். கண்ணைக் கோட்டுக்கு நேர் எதிரே வைத்து வாசிப்பது முக்கியம்.

25, 46.98, 100, 153.02, 175 என்ற ஐந்து உயரங்களையும், தகட்டை அசைக்காமல் ஒரே நிலையில் கிழித்து முடிக்க வேண்டும். கோடு துளையின் இடத்தைக் கடந்து சற்று நீண்டால் போதும். தகடு முழுக்க இழுத்தால் பிறகு எந்தச் சந்திப்பு துளை, எது வெறும் குறுக்குக்கோடு என்று குழம்ப நேரும். ஹைட் கேஜின் அடிப்பீடத்தைப் பிடித்துத்தான் நகர்த்த வேண்டும், தூணைப் பிடித்துத் தள்ளினால் அது சாயும். ஒவ்வொரு கோட்டையும் ஒரே இழுப்பில் கிழிக்க வேண்டும். மங்கலாக விழுந்த கோட்டின் மேல் மீண்டும் இழுத்தால் இரண்டு கோடுகள் உண்டாகும், எது சரியென்று பஞ்சுக்குத் தெரியாது.

பின்னர் தகட்டை 90 டிகிரி திருப்பி, இரண்டாவது ஆதார விளிம்பைக் கீழே வைத்து, அதே ஐந்து உயரங்களையும் மீண்டும் கிழிக்க வேண்டும். எதிர் விளிம்பைக் கீழே வைத்து, அங்கிருந்து 25 எடுத்தால் என்ன என்று கேட்கலாம். தகடு 200க்குப் பதிலாக 200.4 ஆக இருந்தால், அந்த 0.4 முழுவதும் அந்தத் துளையின் மேல் போய் விழும்.

துளைகள் மையக்கோட்டிலிருந்து ஒதுங்கியிருக்கும் ஃபிளாஞ்சானால் கணக்கு இன்னும் எளிது. 75 பெருக்கல் 0.9239 என்பது 69.29, 75 பெருக்கல் 0.3827 என்பது 28.70. எனவே 169.29, 128.70, 71.30, 30.71 என்ற நான்கு உயரங்களிலேயே எட்டுத் துளைகளும் அடங்கிவிடும். மையத் துளைக்காக 100 மட்டும் கூடுதலாகத் தேவைப்படும்.

டிவைடரால் வட்டத்தை எட்டாகப் பிரிக்கும் பழைய முறையும் இருக்கிறது. பிட்ச் விட்டத்தை, 180ஐத் துளை எண்ணிக்கையால் வகுத்த கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் அடுத்தடுத்த துளைகளின் தூரம் கிடைக்கும். இங்கே அது 57.40 மி.மீ. ஆனால் டிவைடர் 0.05 மி.மீ. அதிகமாகத் திறந்திருந்தால், எட்டு அடி வைத்துத் திரும்பும்போது தொடக்கத்தை 0.4 மி.மீ. தாண்டியிருக்கும். உயரக் கணக்கில் ஒரு துளையின் பிழை அடுத்த துளைக்குப் போவதில்லை. அதனால்தான் டிவைடரை நான் சரிபார்க்க மட்டும் பயன்படுத்தச் சொல்கிறேன்.

பஞ்ச் போடுதல்

கோட்டில் இருந்த துல்லியம் பெரும்பாலும் தொலைந்துபோவது இந்தக் கட்டத்தில்தான். முனை மழுங்கிய ஒரே சென்டர் பஞ்சை வைத்து எல்லாவற்றையும் முடிக்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அதை விட்டாக வேண்டும். முதல் குறிக்கு 30 டிகிரி கூர்மையுள்ள பிரிக் பஞ்ச், கோடுகளின் மேல் சாட்சிப் புள்ளிகள் இட 60 டிகிரி டாட் பஞ்ச், டிரில் முனை உட்கார 90 டிகிரி சென்டர் பஞ்ச் என மூன்றும் தனித்தனியே இருக்க வேண்டும்.

பெஞ்சில் தகட்டின் அடியில் திடமான ஆதாரம் வைத்து, பிரிக் பஞ்சைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, ஒரு கோட்டின் பள்ளத்தில் முனையை மெல்ல இழுத்துவந்தால், குறுக்குக்கோட்டைச் சந்திக்கும் இடத்தில் அது சிக்கி நிற்பதை விரல் உணரும். அங்கேயே பஞ்சைச் செங்குத்தாக நிமிர்த்தி, சிறிய சுத்தியலால் ஒரே ஒரு மென்தட்டு மட்டும் தட்ட வேண்டும். பூதக்கண்ணாடியால் பார்த்து, குழி சந்திப்புக்கு நடுவில் இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். விலகியிருந்தால், எந்தப் பக்கம் நகர வேண்டுமோ அந்தப் பக்கமாக முனை தள்ளும்படி பஞ்சைச் சாய்த்துத் தட்டி, பிறகு நிமிர்த்தித் தட்டினால் குழி நகரும்.

எட்டுக் குறிகளும் விழுந்தபின், டிவைடரை முதல் இரண்டு குழிகளுக்கு இடையில் அமைத்து, அதே திறப்பை மற்ற ஏழு இடைவெளிகளிலும் வைத்துப் பார்க்க வேண்டும். அடுத்து டிராமலை (நீண்ட தண்டில் இரு ஊசிகள் கொண்ட பெரிய டிவைடர்) மூலைவாக்கில் ஒரு சோடிக்கு அமைத்து, மற்ற மூலைச் சோடியில் வைக்க வேண்டும். முன்பு சொன்ன சாய்சதுரப் பிழை இருந்தால் அது வெளிப்படும் இடம் இதுதான். எல்லாம் ஒத்துவந்த பிறகே சென்டர் பஞ்சை எடுக்க வேண்டும்.

அதன்பின் ஒவ்வொரு குழியிலும் டிவைடரின் ஒரு காலை ஊன்றித் துளை விட்டத்துக்கு ஒரு வட்டமும், அதைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு சாட்சி வட்டமும் கிழிக்க வேண்டும். துளை வட்டத்தின் மேல் நான்கு இடங்களில் டாட் பஞ்ச் புள்ளிகள் இட்டால், டிரில் போட்டு முடித்தபின் நான்கு அரைப் புள்ளிகள் எஞ்சி நின்று, துளை சரியான இடத்தில் விழுந்ததைக் காட்டும். நடுவிலுள்ள 60 மி.மீ. வட்டத்துக்கு எட்டுப் புள்ளிகள் தேவை. டிவைடரைத் திறக்கும்போது ஸ்டீல் ரூலின் தேய்ந்த முனையிலிருந்து அளக்காமல், 10 என்ற கோட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

ஷாஃப்டும் வார்ப்பும்

டிரம் ஷாஃப்டில் கீவே என்னும் சாவிக்காடியைக் குறிக்க, இரண்டு ஒத்த வி பிளாக்குகளின் மேல் அதைக் கிடத்தி, ஹைட் கேஜால் அதன் உச்சியின் உயரத்தை எடுத்து, அதிலிருந்து விட்டத்தின் பாதியைக் கழித்தால் மைய உயரம் கிடைக்கும். அந்த உயரத்தில் முனை முகத்தில் கோடு கிழித்து, ஷாஃப்டை 180 டிகிரி திருப்பி, மீண்டும் அதே உயரத்தில் கிழிக்க வேண்டும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தால் மையம் சரி. விலகினால் உண்மையான மையம் இரண்டுக்கும் நடுவில். அவசரத்துக்கு லாராய் ஸ்டாரெட் 1879இல் காப்புரிமை பெற்ற காம்பினேஷன் ஸ்கொயரின் வழிவந்த செட்டிலுள்ள, உருளையின் மையம் காட்டும் சென்டர் ஹெட்டோ, ஒரு கால் வளைந்த ஜென்னி காலிப்பரோ போதும். கீவேக்கு அவற்றை நம்ப வேண்டாம்.

பேரிங் பெடஸ்டல் (பேரிங்கைத் தாங்கும் பீடம்) போன்ற வார்ப்புகளில் நேரான விளிம்பே இருக்காது. மூன்று ஸ்குரூ ஜாக்குகளின் மேல் அதை நிறுத்தி, போர் என்னும் நடுத்துளையின் வாயில் ஒரு மரக்கட்டையை இறுக்கிச் செருகி அதன் நடுவில் சிறு தகரத்தைப் பதித்தால் மையம் குறிக்க இடம் கிடைக்கும். பிறகு சர்ஃபேஸ் கேஜால் சுற்றிலும் தொட்டுப் பார்த்து, அடிப்பாதம், போர், மேல்முகம் ஆகிய எல்லா இடங்களிலும் கடைவதற்கு உலோகம் மிஞ்சும்படி ஜாக்குகளை ஏற்றி இறக்க வேண்டும். ஓரிடத்தில் உலோகம் போதவில்லை என்பது இந்த மேசையில் தெரிந்துவிட்டால், அரைநாள் லேத் வேலை வீணாவதைத் தடுக்கலாம். வார்ப்பு வேலைக்கு நேரம் ஒதுக்காத பட்டறைகள் அந்த நேரத்தைப் பின்னால் இரட்டிப்பாகச் செலவிடுகின்றன.

கருவிப் பராமரிப்பு

ஸ்கிரைபரின் முனை 12 முதல் 15 டிகிரி வரை இருக்க வேண்டும். அதைக் கிரைண்டரில் தீட்டினால் சூடேறிக் கடினத்தன்மை போய்விடும்; ஆயில் ஸ்டோனில் சுழற்றித் தீட்டுவதே சரி. ஹைட் கேஜின் கார்பைடு ஸ்கிரைபரில் மேலுள்ள சரிவான பக்கத்தை மட்டும் தீட்ட வேண்டும். அடிப்பக்கத்தைத் தொட்டால் பூச்சியம் மாறிவிடும். தோல் தொழிற்சாலைக்குள்ளேயே இயங்கும் பட்டறைகளில், பச்சைத் தோலிலிருந்து உதிரும் உப்பும், சுண்ணாம்புத் தொட்டிகளில் சேர்க்கும் சோடியம் சல்ஃபைடும் காற்றில் கலந்து எஃகை விரைவில் அரிப்பதால், மாலையில் ஒவ்வொரு கருவியையும் மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து மூடியுள்ள பெட்டியில் வைக்க வேண்டும். ஹைட் கேஜைக் கிளாம்ப் தளர்த்தி, ஸ்கிரைபரைக் கீழே இறக்கி நிறுத்தி, சர்ஃபேஸ் பிளேட்டை மரமூடியால் மூட வேண்டும்.